மைஎஸ்க்யூஎல் சர்வரில் மைஐசாம் என்ஜினை முடக்குவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மைஎஸ்க்யூஎல் சர்வரில் ஓர் அட்டவணையை உருவாக்கும்போது, அதன் தரவு வட்டில் எப்படி எழுதப்பட வேண்டும், இருவர் ஒரே நேரத்தில் எழுத வந்தால் எது பூட்டப்பட வேண்டும், இடையில் மின்சாரம் போனால் தரவு எப்படி மீட்கப்பட வேண்டும் என்பவற்றை எல்லாம் தீர்மானிப்பது அந்த அட்டவணைக்கென்று குறிக்கப்பட்ட ஸ்டோரேஜ் என்ஜின்தான். ஒரே தரவுத்தளத்துக்குள் ஓர் அட்டவணை இன்னோடிபி என்ஜினிலும், அடுத்த அட்டவணை மைஐசாம் என்ஜினிலும் இருக்கலாம். வினவல் எழுதுகிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தோன்றும். ஏதாவது ஒன்று தவறும் நாளில்தான் வேறுபாடு கண்ணில் படும்.

சில ஆண்டுகளுக்கு முன், கட்டணம் வசூலிக்கும் சிறிய நிரல் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் கணக்கு அட்டவணை இன்னோடிபியில் இருந்தது. ரசீது அட்டவணை மைஐசாமில் இருந்தது. பரிவர்த்தனையின் (முழுவதுமாக நடக்கவோ முழுவதுமாகக் கைவிடப்படவோ வேண்டிய கட்டளைத் தொகுப்பின்) நடுவில் பிழை ஏற்பட்டு ரோல்பேக் ஆகும்போதெல்லாம், அதாவது எழுதியது திரும்பப் பெறப்படும்போதெல்லாம், கணக்கில் எழுதிய வரி நீங்கிவிடும், ரசீதில் எழுதிய வரி மட்டும் அப்படியே நிற்கும். பணம் கட்டாதவர் பெயரில் ரசீது எண் இருந்தது. சர்வர் இதைப் பற்றி 1196 என்ற எண்ணுள்ள எச்சரிக்கையை ஒவ்வொரு முறையும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் அது பிழை அல்ல, வெறும் எச்சரிக்கை என்பதால் நிரல் அதைப் படிக்கவே இல்லை. ஓர் அட்டவணையின் வரி இன்னோர் அட்டவணையில் உண்மையில் உள்ள வரியையே சுட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஃபாரின் கீ விஷயமும் இப்படித்தான். மைஐசாம் அட்டவணை ஒன்றில் ஃபாரின் கீ கட்டுப்பாட்டை எழுதினால், சர்வர் அந்த வரியை ஏற்றுக்கொண்டு, எதுவும் சொல்லாமல் புறக்கணித்துவிடும். எழுதியவர் தன் தரவுக்குக் காவல் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். பரிவர்த்தனையையும் கட்டுப்பாட்டையும் நம்பி எழுதப்படும் எந்த நிரலிலும் மைஐசாமுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

மைஎஸ்க்யூஎல் 5.5.5 பதிப்பிலிருந்து, அதாவது 2010 முதல், இயல்பான என்ஜின் இன்னோடிபிதான். அப்படியிருக்க மைஐசாம் அட்டவணைகள் இன்னும் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி எழலாம். பழைய நிரல்களின் நிறுவல் கோப்புகளில் 'என்ஜின் = மைஐசாம்' என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்; அந்தக் கோப்பு ஓடும்போது சர்வரின் இயல்பு என்னவாக இருந்தாலும் அட்டவணை மைஐசாமில்தான் பிறக்கும். இயல்பு என்ஜினை மாற்றுவது மட்டும் போதாது, அந்த என்ஜினில் புதிய அட்டவணை உருவாவதையே தடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இதற்கான வசதி மைஎஸ்க்யூஎல் 5.7.8 பதிப்பில் வந்தது. 'டிசேபிள்டு_ஸ்டோரேஜ்_என்ஜின்ஸ்' என்பது அந்த அமைவு மாறியின் பெயர். இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் மாறிகளின் பெயர்களையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். சர்வரில் தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில், அடிக்கோடுகளை அப்படியே வைத்து எழுத வேண்டும்.

இந்த மாறி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் உள்ள என்ஜினில் புதிய அட்டவணையை உருவாக்க முடியாது. ஏற்கெனவே உள்ள அட்டவணையை அந்த என்ஜினுக்கு மாற்றவும் முடியாது. அவ்வளவுதான். முன்பே அந்த என்ஜினில் இருக்கும் அட்டவணைகள் வழக்கம்போல் இயங்கும்: அவற்றிலிருந்து படிக்கலாம், எழுதலாம், இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற அமைப்பு) சேர்க்கலாம், காலி செய்யலாம், நீக்கலாம், அனுமதிக்கப்பட்ட வேறொரு என்ஜினுக்கு மாற்றவும் செய்யலாம். புதிதாக வருபவர்களுக்கு வாசல் அடைக்கப்படுகிறதே தவிர, வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியேற்றப்படுவதில்லை. ஆகவே அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்ப்பது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. அதற்கு முன் செய்ய வேண்டியவைதான் அதிகம்.

முதல் படி: இருப்பதைக் கணக்கெடுப்பது

சர்வரில் நுழைந்து முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 'செலக்ட் வெர்ஷன்()' என்ற வினவல் அதைச் சொல்லும். 5.7.8க்கு முந்தைய பதிப்பு என்றால் இந்த மாறி கிடையாது. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபி என்று காட்டினால் வழி வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன். அடுத்து 'ஷோ என்ஜின்ஸ்' என்ற கட்டளை, சர்வர் அறிந்த என்ஜின்களையும் ஒவ்வொன்றும் கிடைக்கிறதா என்பதையும் பட்டியலிடும். இயல்பு என்ஜினுக்கு நேரே 'டீஃபால்ட்' என்றும், மற்றவற்றுக்கு 'யெஸ்' அல்லது 'நோ' என்றும் இருக்கும். ஃபெடரேட்டட் என்ஜின் இயல்பாகவே 'நோ' என்று காட்டினால் கவலைப்பட வேண்டாம். வேண்டுமென்று கேட்டால்தான் அது இயங்கும்.

இதைவிட முக்கியமானது, எந்த அட்டவணைகள் எந்த என்ஜினில் உள்ளன என்று அறிவது. அதற்கு இந்த வினவல் போதும்:

செலக்ட் டேபிள்_ஸ்கீமா, டேபிள்_நேம் ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.டேபிள்ஸ் வேர் என்ஜின் = 'மைஐசாம்';

வரும் பட்டியலில் 'மைஎஸ்க்யூஎல்' என்ற பெயருள்ள தரவுத்தளத்தின் அட்டவணைகள் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். 5.7 பதிப்பில் பயனர், உரிமை போன்ற சர்வரின் சொந்த அட்டவணைகள் பல மைஐசாமில்தான் உள்ளன. அவற்றைக் கையால் மாற்றுவது ஆபத்து. 2018இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 8.0 பதிப்பில் அவை இன்னோடிபிக்கு மாற்றப்பட்டுவிட்டன. எஞ்சியிருக்கும் உங்கள் நிரல்களின் அட்டவணைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் அளவையும், எந்த நிரல் அதைப் பயன்படுத்துகிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

இரண்டாம் படி: பேக்கப் எடுப்பது

இதில் பலர் தவறுகிறார்கள். 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' கருவியில் 'சிங்கிள்-டிரான்ஸாக்ஷன்' என்ற விருப்பத்தைக் கொடுத்து பேக்கப் எடுப்பது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்னோடிபிக்கு அது உண்மை. பரிவர்த்தனையே அறியாத மைஐசாமுக்கு அந்த விருப்பம் எந்தப் பாதுகாப்பும் தராது. பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது எழுதினால், ஓர் அட்டவணை பழைய நிலையிலும் இன்னொன்று புதிய நிலையிலும் பதிவாகும். இந்த ஒரு முறை மட்டும் நிரலை நிறுத்திவிட்டு, 'லாக்-ஆல்-டேபிள்ஸ்' விருப்பத்துடன் பேக்கப் எடுங்கள். எடுத்த கோப்பை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்து, அது முழுமையாக இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

மூன்றாம் படி: பழைய அட்டவணைகளை மாற்றுவது

மாற்றும் கட்டளை எளியது: 'ஆல்டர் டேபிள் ரசீது என்ஜின் = இன்னோடிபி'. இங்கே 'ரசீது' என்பது அட்டவணையின் பெயர். அதற்கு முன் 'செக் டேபிள்' கட்டளையால் அட்டவணை சிதையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். திடீரென நின்றுபோன சர்வர்களில் மைஐசாம் அட்டவணைகளின் இண்டெக்ஸ் கெட்டிருப்பது சாதாரணம், அப்படியிருந்தால் 'ரிப்பேர் டேபிள்' செய்த பிறகே மாற்ற வேண்டும். மாற்றம் நடக்கும்போது சர்வர் முழு அட்டவணையையும் புதிதாக எழுதுகிறது. அதனால் வட்டில் போதிய காலியிடம் வேண்டும்; அதே தரவு மைஐசாமைவிட இன்னோடிபியில் பெரும்பாலும் கூடுதல் இடம் பிடிக்கும். மாற்றம் முடியும் வரை அந்த அட்டவணையில் எழுத முடியாது என்பதால், பெரிய அட்டவணைகளை இரவு நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

பெரும்பாலான அட்டவணைகள் சிக்கல் இன்றி மாறிவிடும். மாறாதவற்றில் நான் சந்தித்த தடைகள் சில. ஒன்று, அட்டவணையை முன்பு உருவாக்கியவர் 'ரோ_ஃபார்மட் = ஃபிக்ஸட்' என்று குறித்திருப்பது. இன்னோடிபி அதை அறியாது. கண்டிப்பு முறை இயக்கத்தில் இருந்தால் பிழை தரும். அதே ஆல்டர் கட்டளையில் 'ரோ_ஃபார்மட் = டைனமிக்' என்று சேர்த்தால் சரியாகிவிடும். இன்னொன்று, இரண்டு நெடுவரிசைகள் சேர்ந்த இண்டெக்ஸில் இரண்டாவது நெடுவரிசைக்கு தானாக எண் ஏறும்படி அமைத்திருப்பது. ஒவ்வொரு கிளைக்கும் ரசீது எண் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காக மைஐசாமில் இந்த உத்தியைப் பலர் பயன்படுத்தினார்கள். இன்னோடிபியில் இது இயங்காது. எண் கொடுக்கும் பொறுப்பை நிரலுக்கோ தனி அட்டவணைக்கோ மாற்றி எழுத வேண்டியிருக்கும், அதற்குக் குறுக்கு வழி இல்லை.

முழு உரைத் தேடல் இருக்கும் அட்டவணைகளிலும் கவனம் தேவை. இன்னோடிபி 5.6 பதிப்பிலிருந்து முழு உரை இண்டெக்ஸை ஏற்கிறது. ஆனால் இரண்டு என்ஜின்களின் விதிகள் வேறு. மைஐசாம் இயல்பாக நான்கு எழுத்துகளுக்குக் குறைந்த சொற்களை விட்டுவிடும், இன்னோடிபி மூன்று எழுத்துச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளும். தேடலில் புறக்கணிக்கப்படும் பொதுச் சொற்களின் பட்டியலும் மைஐசாமில் நீளமானது, இன்னோடிபியில் மிகச் சிறியது. எனவே அதே தேடல் வேறு முடிவுகளைத் தரலாம் என்று பயனர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வரிசை பற்றியும் ஒரு சொல். 'ஆர்டர் பை' எழுதாத வினவல்கள் மைஐசாமில் பெரும்பாலும் பதிவான வரிசையிலேயே வரிகளைத் தந்துகொண்டிருக்கும். இன்னோடிபி தரவை முதன்மைச் சாவியின் வரிசையில் வைத்திருப்பதால், அந்த வினவல்களின் விடை வரிசை மாறக்கூடும். வரிசையை நம்பியிருந்த நிரல்தான் தவறு செய்தது என்றாலும், அதைத் திருத்த வேண்டியவர் நீங்களே.

நினைவகப் பங்கீட்டையும் இப்போதே சரிசெய்யுங்கள். மைஐசாமுக்கென்று 'கீ_பஃபர்_சைஸ்' மாறியில் பெரிய அளவு ஒதுக்கியிருந்தால் அதைக் குறைத்து, அந்த நினைவகத்தை 'இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ்' மாறிக்குக் கொடுங்கள். இதன் இயல்பளவு 128 மெகாபைட். தரவு அதைவிடப் பெரிதாக இருந்து இந்த அளவை உயர்த்தாமல் விட்டால், மாற்றிய பிறகு எல்லாம் மெதுவாகிவிட்டது என்ற புகார் நிச்சயம் வரும்.

நான்காம் படி: அமைவுக் கோப்பில் எழுதுவது

அமைவுக் கோப்பு இருக்கும் இடம் இயங்குதளத்தைப் பொறுத்தது. உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் தொகுப்பை நிறுவியிருந்தால், 'எட்சி' அடைவுக்குள் 'மைஎஸ்க்யூஎல்' அடைவில் உள்ள 'மைஎஸ்க்யூஎல்.கான்ஃப்.டி' என்ற துணை அடைவில் 'மைஎஸ்க்யூஎல்டி.சிஎன்எஃப்' என்ற பெயரில் இருக்கும். ரெட்ஹேட் வகை லினக்ஸில் 'எட்சி' அடைவிலேயே 'மை.சிஎன்எஃப்' என்று இருக்கும். விண்டோஸில் அதன் பெயர் 'மை.ஐஎன்ஐ'. எந்தக் கோப்புகளை எந்த வரிசையில் சர்வர் படிக்கிறது என்பதில் ஐயம் இருந்தால், சர்வர் நிரலை 'வெர்போஸ்', 'ஹெல்ப்' என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டுங்கள். வெளியீட்டின் தொடக்கத்திலேயே அந்த வரிசை அச்சாகும்.

கோப்பைத் திருத்தும் முன் அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, சதுர அடைப்புக்குறிக்குள் 'மைஎஸ்க்யூஎல்டி' என்று தலைப்பிட்ட பிரிவைத் தேடி, அதற்குக் கீழே இந்த இரண்டு வரிகளையும் சேருங்கள்:

டீஃபால்ட்_ஸ்டோரேஜ்_என்ஜின் = இன்னோடிபி
டிசேபிள்டு_ஸ்டோரேஜ்_என்ஜின்ஸ் = "மைஐசாம்"

பிரிவின் பெயரில் இறுதியில் வரும் 'டி' முக்கியம். அது இல்லாத 'மைஎஸ்க்யூஎல்' என்ற பிரிவு கட்டளைவரி வாடிக்கையாளர் நிரலுக்கு உரியது. அங்கே இந்த வரியை எழுதினால் சர்வருக்கு எதுவும் தெரியாது. மாறாக, வாடிக்கையாளர் நிரலைத் திறக்கும்போது அறியாத மாறி என்ற பிழை வரும். ஒன்றுக்கு மேற்பட்ட என்ஜின்களை முடக்க விரும்பினால், பெயர்களைக் காற்புள்ளியால் பிரித்து ஒரே வரியில் எழுத வேண்டும். அதே மாறியை இரண்டு வரிகளில் எழுதினால் இறுதியாக வருவதே நிலைக்கும், முந்தையது மறைந்துவிடும். பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படுவதில்லை.

வேறு எவற்றை முடக்கலாம்? குழு ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரின் தரவை மற்றச் சர்வர்களிலும் தொடர்ந்து நகலெடுக்கும் ரெப்ளிகேஷனின் ஒரு வகை) பயன்படுத்துகிறவர்களுக்கு எல்லாத் தரவும் இன்னோடிபியில் இருக்க வேண்டும் என்பதால், மைஐசாமுடன் பிளாக்ஹோல், ஃபெடரேட்டட், ஆர்க்கைவ், மெமரி ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்கும்படி மைஎஸ்க்யூஎல் கையேடு பரிந்துரைக்கிறது. தனிச் சர்வர் வைத்திருக்கும் புதியவர் முதலில் மைஐசாமை மட்டும் முடக்குவதே நல்லது என்பது என் கருத்து. மெமரி என்ஜினில் தற்காலிக அட்டவணைகளை வெளிப்படையாக உருவாக்கும் நிரல்கள் உண்டு. ஆராயாமல் அதை முடக்கினால் அவை நின்றுவிடும். பிளாக்ஹோல் எழுதியதை எல்லாம் கைவிட்டுவிடும் என்ஜின் என்பதால், ரெப்ளிகேஷனுக்காகத் தெரிந்தே அதை வைத்திருப்பவர் தவிர மற்றவர்கள் இரண்டாவதாக அதைச் சேர்க்கலாம்.

ஐந்தாம் படி: மறுதொடக்கமும் சோதனையும்

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இந்த மாறியை மாற்ற முடியாது, மறுதொடக்கம் கட்டாயம். 8.0.16 பதிப்பிலிருந்து சர்வர் நிரலுக்கு 'வேலிடேட்-கான்ஃபிக்' என்ற விருப்பம் உண்டு. அமைவுக் கோப்பில் தவறு இருந்தால் சர்வரை உண்மையில் தொடங்காமலேயே அது சொல்லிவிடும். மாறியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் சர்வர் தொடங்க மறுக்கும் என்பதால், ஓடும் சர்வரை நிறுத்துவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். பிறகு 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையால் மறுதொடக்கம் செய்யுங்கள். சேவையின் பெயர் உபுண்டுவில் 'மைஎஸ்க்யூஎல்', ரெட்ஹேட் வகையில் 'மைஎஸ்க்யூஎல்டி'. சர்வர் எழவில்லை என்றால் பிழைப் பதிவுக் கோப்பின் கடைசி வரிகள் காரணத்தைச் சொல்லும்.

சர்வர் எழுந்ததும், 'ஷோ வேரியபிள்ஸ் லைக்' என்பதோடு மாறியின் பெயரைக் கொடுத்து, நீங்கள் எழுதிய மதிப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அத்தோடு நிறுத்தாமல், சோதனைத் தரவுத்தளம் ஒன்றில் மைஐசாம் என்று குறித்து ஓர் அட்டவணையை உருவாக்க முயலுங்கள். 3161 என்ற எண்ணுடன், என்ஜின் முடக்கப்பட்டிருப்பதால் அட்டவணை உருவாக்கம் அனுமதிக்கப்படவில்லை என்ற பிழை வர வேண்டும்.

பிழை வராமல் அட்டவணை உருவாகிவிட்டால் குழம்ப வேண்டாம். 'எஸ்க்யூஎல்_மோட்' மாறியில் 'நோ_என்ஜின்_சப்ஸ்டிட்யூஷன்' என்பது இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பிழை. இல்லாவிட்டால் சர்வர் கேட்ட என்ஜினுக்குப் பதிலாக இயல்பு என்ஜினில் அட்டவணையை உருவாக்கி, ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். அண்மைப் பதிப்புகளில் இது இயல்பாகவே இருக்கும் என்றாலும், சில பழைய நிரல்கள் இணைந்தவுடன் இந்த மாறியைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்கின்றன. மைஎஸ்க்யூஎல்டம்ப் எடுக்கும் கோப்புகளின் தலையிலும் 'எஸ்க்யூஎல்_மோட்' மாறியை மாற்றும் ஒரு வரி இருக்கும். அதனால் பழைய பேக்கப் கோப்பு ஒன்றை ஏற்றும்போது, அதில் மைஐசாம் என்று எழுதியிருந்தும் பிழை வராமல் அட்டவணைகள் இன்னோடிபியாக உருவாகலாம். பெரும்பாலும் நீங்கள் விரும்புவது அதுவே என்றாலும், ஏற்றி முடித்த பின் முதல் படியில் தந்த வினவலை இன்னொரு முறை ஓட்டி, எது எதில் உருவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சில இடங்கள்

நகலைப் பெறும் ரெப்ளிகா சர்வரில் மட்டும் என்ஜினை முடக்கி, நகலின் ஊற்றான மூலச் சர்வரில் முடக்காமல் விடாதீர்கள். மூலத்தில் யாராவது மைஐசாம் அட்டவணை உருவாக்கினால், அதே கட்டளை ரெப்ளிகாவில் 3161 பிழையில் முடிந்து ரெப்ளிகேஷன் நின்றுவிடும். மூலச் சர்வரில் முதலில் முடக்குவதே சரியான வரிசை. 5.7 பதிப்பில் இருப்பவர்கள் 'மைஎஸ்க்யூஎல்_அப்கிரேட்' கருவியை ஓட்டும்போது, சர்வரின் சொந்த அட்டவணைகளுக்கு மைஐசாம் தேவைப்படுவதால் அதே பிழையைச் சந்திப்பார்கள். அந்த வேலை முடியும் வரை வரியை நீக்கி மறுதொடக்கம் செய்து, பின் திரும்பச் சேர்க்க வேண்டும்.

நினைவகம் குறைந்த சர்வர்களில் 'ஸ்கிப்-இன்னோடிபி' என்று எழுதி இன்னோடிபியையே நிறுத்தச் சொல்லும் பழைய அறிவுரைகளை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். 5.5, 5.6 பதிப்புகளில் அப்படிச் செய்தால், இயல்பு என்ஜினையும் சேர்த்து மாற்றாவிட்டால் சர்வர் தொடங்கவே தொடங்காது. 5.7, 8.0 பதிப்புகளில் அந்த விருப்பத்துக்கு எந்த விளைவும் கிடையாது, எச்சரிக்கை மட்டும் வரும். நினைவகம் போதவில்லை என்றால் பஃபர் பூலின் அளவைக் குறைப்பதே அதற்கான வழி.

மரியாடிபி பயன்படுத்துகிறவர்கள் 'என்ஃபோர்ஸ்_ஸ்டோரேஜ்_என்ஜின்' என்ற மாறியைப் பயன்படுத்த வேண்டும். 10.1 வரிசையில் வந்த இது எதிர்த் திசையில் செயல்படுகிறது: எது கூடாது என்று சொல்வதற்குப் பதிலாக, எது மட்டுமே வேண்டும் என்று சொல்கிறது. அதற்கு இன்னோடிபி என்று மதிப்புக் கொடுத்தால், வேறு என்ஜினைக் குறித்து வரும் அட்டவணைகள், 'நோ_என்ஜின்_சப்ஸ்டிட்யூஷன்' இருந்தால் பிழையிலும், இல்லாவிட்டால் எச்சரிக்கையோடு இன்னோடிபியிலும் முடியும்.

முடக்கிய சில நாட்களில் யாராவது ஒருவர் 3161 பிழையோடு உங்களிடம் வருவார். வரியை நீக்கிவிடலாமா என்ற எண்ணம் அப்போது எழும். அதற்கு முன் அந்த நிரலின் நிறுவல் கோப்பைத் திறந்து, மைஐசாம் என்று எழுதியிருக்கும் இடங்களைத் தேடுங்கள். பெரும்பாலும் சில வரிகளில் அந்தச் சொல்லை இன்னோடிபி என்று மாற்றினால் போதும். மாற்ற முடியாத மூடிய நிரல் என்றால், அந்த ஒரு நிரலுக்கென்று தனிச் சர்வர் ஒன்றை வைத்து அங்கே மட்டும் மைஐசாமை அனுமதியுங்கள். மற்ற தரவுத்தளங்கள் இருக்கும் சர்வரில் தடை அப்படியே இருக்கட்டும்.